லான் சேனியின் கைகள்

லான் சேனியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் நேராக மேக்கப்பில்தான் போய் நிற்பார்கள். 'ஆயிரம் முகங்கள் கொண்ட மனிதர்' என்று அந்தக் காலத்து விளம்பரக்காரர்கள் வைத்த பெயர் நூறு வருஷமாக அவரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. கூனன், மண்டையோட்டு முகத்தோடு இசை அரங்கின் நிலவறையில் வாழ்பவன், கால் இல்லாத ரவுடித் தலைவன், கை இல்லாத சர்க்கஸ்காரன் என்று அவர் போட்ட வேஷங்களை அடுக்கி, எத்தனை மணி நேரம் மேக்கப், எவ்வளவு வலி என்று கணக்குச் சொல்லிவிட்டு அடுத்த நடிகருக்குப் போய்விடுவார்கள். எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு. மெழுகையும் பஞ்சையும் பொய்ப்பல்லையும் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தாலும் மௌனப் படக் காலத்தின் மிகப் பெரிய நடிகர்களில் அவர் ஒருவர். முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அந்தக் கைகள் பேசப் பழகிய இடம் எது என்று தெரிந்துகொண்டால், அவருடைய படங்களைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

1883 ஏப்ரல் 1, அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊர். அப்பா ஃபிராங்க் சேனி முடிதிருத்தும் தொழிலாளி, அம்மா எம்மா. இரண்டு பேருக்குமே காது கேட்காது, பேச வராது. கொலராடோவில் காது கேளாதவர்களுக்கான பள்ளியை 1874இல் தொடங்கியவரே எம்மாவின் அப்பாதான். ஆக, லான் பிறந்த வீட்டில் பேச்சு என்பதே கையிலும் முகத்திலும்தான். அவருக்கோ காது நன்றாகக் கேட்கும், வாயும் பேசும். ஆனால் அம்மாவிடம் பசிக்கிறது என்று சொல்வதற்கும் அப்பாவிடம் கோபித்துக்கொள்வதற்கும் சைகை மொழியைத்தான் எடுத்தாக வேண்டும்.

அதோடு முடியவில்லை. அம்மாவுக்கு மூட்டுவாதம் வந்து படுக்கையோடு படுக்கையாகிவிட்டார். நாலாம் வகுப்போடு பையனின் படிப்பு நின்றது. அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. வெளியே போய்விட்டு வந்து, அன்றைக்கு ஊரில் பார்த்ததையெல்லாம் கட்டிலில் கிடக்கும் அம்மாவுக்கு நடித்துக் காட்டுவான். யார் எப்படி நடந்தார்கள், யார் யாரிடம் எரிந்து விழுந்தார்கள் என்று எல்லாமே. பார்ப்பவர் அம்மா ஒருவர்தான், ஆனால் அவரிடம் தப்பிக்க முடியாது, ஏனென்றால் முகத்தைப் படிப்பதிலேயே வாழ்க்கையை ஓட்டியவர். பொய்யாக ஒரு சிரிப்பைக் காட்டினால் அடுத்த நொடி கண்டுபிடித்துவிடுவார். இதைவிடக் கடுமையான நடிப்புப் பள்ளி உலகத்தில் எங்கேயும் இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் நாடகம். அண்ணன் ஜான் ஊர் நாடகக் கொட்டகையில் வேலை பார்த்ததால் லானுக்கும் அங்கே எடுபிடி வேலை கிடைத்தது. பிறகு ஊர் ஊராகச் சுற்றும் குழுக்களில் நடிப்பது, ஆடுவது, மேடை நிர்வாகம் என்று எல்லாம் பழகினார். அப்படிச் சுற்றும்போதுதான் கிளீவா கிரெய்ட்டன் என்ற பாடகியைச் சந்தித்து, 1905இல் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருஷமே மகன் கிரெய்ட்டன் பிறந்தான். கிளீவாவுக்கு நல்ல குரல், கணவரைவிடப் பெயரும் அவருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. வீட்டில் சண்டை முற்றியது. 1913 ஏப்ரல் கடைசியில் லாஸ் ஏஞ்சலீஸில் லான் வேலை பார்த்த மெஜஸ்டிக் தியேட்டருக்கே வந்து கிளீவா விஷம் குடித்துவிட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் குரல் போயிற்று. பாட்டையே தொழிலாகக் கொண்ட பெண்ணுக்கு அதற்குப் பிறகு என்ன மிச்சம்? சேனியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை அவருக்கு வந்த சோதனையாக மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெண்ணின் பக்கத்தை யாரும் சரியாக எழுதவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

விஷயம் வெளியே பரவியது. விவாகரத்து ஆனது, பையனைக் கொஞ்ச காலம் வேறு இடங்களில் விட்டுவைக்க வேண்டியிருந்தது. நாடகத்தில் இனி வேலை கிடைக்காது என்ற நிலையில்தான் அவர் சினிமாவுக்கு வந்தார். நாடகக்காரர்கள் சினிமாவைத் தாழ்வாகப் பார்த்த காலம் அது. யூனிவர்சல் ஸ்டுடியோவில் துணை நடிகர்கள் காலையில் வந்து காத்திருப்பார்கள். இன்றைக்கு ஒரு மாலுமி வேண்டும், ஒரு கிழவன் வேண்டும் என்று உதவி இயக்குநர் வந்து கேட்பார். சேனி தன் மேக்கப் பெட்டியைத் திறந்து கேட்ட ஆளாக மாறிப் போய் நிற்பார். மேக்கப் கலை அவருக்குப் புகழுக்கான வழியாக வரவில்லை, அன்றைய கூலியைத் தவறவிடாமல் இருக்க ஒரு வழியாக வந்தது. பெரிய ஸ்டுடியோக்களில்கூட மேக்கப் துறை என்று தனியாக ஒன்று வேரூன்றாத காலம், அவரவர் முகத்துக்கு அவரவரே பொறுப்பு.

அங்கே நூறு படங்களுக்கு மேல் நடித்தார். பெரும்பாலும் ஒரு ரீல், இரண்டு ரீல் குட்டிப் படங்கள். 1915இல் ஹேசல் ஹேஸ்டிங்ஸ் என்பவரை மணந்துகொண்டு மகனையும் வீட்டுக்கு அழைத்து வந்தார். சம்பளத்தை வாரம் 125 டாலராகக் கூட்டிக் கேட்டபோது, நீ எந்தக் காலத்திலும் வாரம் 100 டாலருக்கு மேல் தேறமாட்டாய் என்று ஸ்டுடியோ மேலாளர் சொன்னாராம். சேனி வெளியே வந்துவிட்டார். சில மாதம் வேலையில்லாமல் கஷ்டம்தான். ஐந்து வருஷம் கழித்து அதே யூனிவர்சல் தன் மிகப் பெரிய படமான 'தி ஹன்ச்பேக் ஆஃப் நாட்ர டாம்' படத்துக்கு இவரையே கதாநாயகனாகக் கூப்பிட வேண்டி வந்தது.

நடுவில் திருப்பத்தைக் கொடுத்த படம் 1919இல் வந்த 'தி மிராக்கிள் மேன்'. போலி முடவனாக நடித்து ஊரை ஏமாற்றும் கும்பலில் ஒருவன் அவர். கோணிய உடம்போடு ஊர்ந்து வந்து, அற்புதம் நடந்தது போல ஒவ்வொரு மூட்டாக நிமிர்ந்து எழ வேண்டும். இயக்குநர் ஜார்ஜ் லோன் டக்கர் முதலில் உடம்பை வளைக்கும் வித்தைக்காரர்களைத்தான் தேடினார், அவர்களுக்கு நடிப்பு வரவில்லை. சேனி வந்து நடித்துக் காட்டினார். இன்றைக்கு அந்தப் படத்தில் சில நிமிஷங்கள்தான் மிச்சம், நல்லவேளையாக அந்தக் காட்சி அதில் இருக்கிறது. அவர் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நிமிர்வதைப் பாருங்கள். முகத்தில் பெரிதாக மேக்கப் ஒன்றும் கிடையாது.

அடுத்த வருஷம் 'தி பெனால்ட்டி'. சிறுவயதில் ஒரு டாக்டரின் தவறால் இரண்டு காலையும் இழந்தவன், சான் ஃபிரான்சிஸ்கோவின் நிழலுலகத் தலைவனாகிறான். இதற்காகச் சேனி முழங்காலை மடக்கி, கால்களைத் தொடைக்குப் பின்னால் வாரால் இறுக்கிக் கட்டி, முட்டியைத் தோல் உறைக்குள் நுழைத்து நடந்தார். ரத்தம் ஓடாமல் மரத்துப்போகும் என்பதால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்தாக வேண்டும். அந்த நிலையிலேயே சுவரில் அடித்திருக்கும் முளைகளைப் பிடித்து வெறும் கை பலத்தில் மேலே ஏறி எட்டிப் பார்ப்பார். அந்தக் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் நம் தோள் வலிக்கிறது.

வலி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1923இல் வந்த 'தி ஹன்ச்பேக் ஆஃப் நாட்ர டாம்' படத்தில் அவர் முதுகில் 70 பவுண்டு கூன் கட்டிக்கொண்டார் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது விளம்பரத்தில் ஊதிப் பெரிதாக்கப்பட்ட கதை. உண்மையான எடை 20 பவுண்டு அளவில்தான் இருந்தது என்று அவர் வாழ்க்கையை நிதானமாக ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 20 பவுண்டும் சும்மா இல்லை, 9 கிலோ. ஆனால் இந்த மாதிரிக் கதைகள் அவரை ஏதோ தன்னைத்தானே வதைத்துக்கொள்ளும் ஆளாகக் காட்டிவிடுகின்றன. அவர் செய்தது வேலை. நிதானமாகத் திட்டம் போட்டுச் செய்த வேலை.

எனக்கு அந்தப் படத்தில் முக்கியமாகப் படுவது வேறு. கூனன் குவாசிமோடோவுக்குக் காது கேட்காது. மணியடித்து மணியடித்தே செவிடானவன். காது கேளாத அப்பா அம்மாவுக்குப் பிறந்த பிள்ளை, அந்த வேஷத்தை எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார் என்று பாருங்கள். ஊரே சுற்றி நின்று கத்துகிறது, அவனுக்கு அது கேட்கவில்லை, ஆனால் முகங்களைப் பார்த்து என்னமோ நடக்கிறது என்று புரிந்துகொள்கிறான். கண் ஒவ்வொரு முகமாகத் தாவுகிறது. சவுக்கடி வாங்கிக் கட்டிப்போடப்பட்டுக் கிடக்கும்போது எஸ்மரால்டா என்ற பெண் தண்ணீர் கொண்டுவருகிறாள். அவள் அடிக்க வந்திருக்கிறாளா, கொடுக்க வந்திருக்கிறாளா என்று அந்த ஒற்றைக் கண் தேடுகிறதே, அதை மேக்கப் செய்து தர முடியாது. செவிட்டுத் தன்மையைச் சிரிப்புக்காகக் காட்டாமல், ஒரு மனிதன் உலகத்தைப் பார்க்கும் வழியாகக் காட்டிய நடிகர் அந்தக் காலத்தில் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1925இல் 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஆபரா'. இசை அரங்கின் நிலவறையில் முகமூடியோடு வாழ்பவனின் கதை. இதுதான் உலகமே அறிந்த படம். படம் வெளிவரும் வரை அந்த முகத்தை வெளியே காட்டாமல் ஸ்டுடியோ ரகசியம் காத்தது. கன்ன எலும்பை மேடாக்கி, மூக்கு நுனியை மேலே இழுத்துக் கட்டி, மூக்குத் துவாரங்களைக் கறுப்பாக்கி, பொய்ப்பற்கள் பொருத்தி எல்லாவற்றையும் அவரே செய்துகொண்டார். இயக்குநர் ரூபர்ட் ஜூலியனோடு அவருக்குச் சுத்தமாக ஆகவில்லை. இரண்டு பேரும் நேரடியாகப் பேசிக்கொள்ளாமல் ஒளிப்பதிவாளர் சார்லஸ் வான் எங்கர் நடுவில் நின்று தூது போகும் அளவுக்குப் போனதாம். தன் காட்சிகளைச் சேனி தன் விருப்பப்படிதான் நடித்தார். முகமூடி கழலும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவன் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கிறான், அவன் காதலிக்கும் பாடகி கிறிஸ்டீன் பின்னால் வந்து முகமூடியைப் பிடுங்குகிறாள். முகத்தை முதலில் பார்ப்பது நாம், அவள் இன்னும் முதுகுப் பக்கம்தான் இருக்கிறாள். அப்புறம் அவன் திரும்புகிறான், எழுகிறான், கையை நீட்டி விரலால் அவளைச் சுட்டுகிறான். எல்லோரும் அந்த முகத்தைப் பற்றிப் பேசுவார்கள். அந்தச் சுட்டுவிரலில்தான் ஆத்திரமும் அவமானமும் சேர்ந்து இருக்கிறது.

ஆனால் அவர் நடித்ததில் ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், 1927இல் டாட் பிரவுனிங் இயக்கிய 'தி அன்நோன்' படத்தைப் பாருங்கள். பிரவுனிங் இளவயதில் வீட்டை விட்டு ஓடிப்போய் சர்க்கஸில் இருந்தவர், சேனியோடு பத்துப் படங்கள் செய்திருக்கிறார். இந்தக் கதையை வாயால் சொன்னால் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். அலான்ஸோ என்பவன் சர்க்கஸில் கை இல்லாதவனாக நடிக்கிறான், காலால் கத்தி வீசுகிறான். உண்மையில் கைகள் இருக்கின்றன, கொலைகாரன் என்ற அடையாளத்தை மறைக்க இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறான். அவன் காதலிக்கும் நானோன் என்ற பெண்ணுக்கு (ஜோன் கிராஃபோர்டு, அப்போது வளர்ந்துவரும் நடிகை) ஆண்களின் கை தன்மேல் பட்டாலே அருவருப்பு. கை இல்லாத இவனிடம் மட்டும் நிம்மதியாக இருக்கிறாள்.

ஒரு காட்சியில் கட்டுகளை அவிழ்த்துவிட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். யோசனையில் சிகரெட்டை எடுத்துப் பற்றவைக்கிறான், காலால். கைகள் இரண்டும் சும்மா பக்கத்தில் கிடக்கின்றன. உதவியாள் அதைப் பார்த்துச் சிரிக்கிறான், உனக்குக் கை இருப்பதே மறந்துபோச்சா என்று. அந்த நொடியில் அலான்ஸோவின் முகத்தில் ஒரு எண்ணம் விழுவதை நாம் பார்க்கிறோம். டாக்டரிடம் போகிறான், நிஜமாகவே கைகளை வெட்டிக்கொள்கிறான். திரும்பி வந்தால், நானோன் இதற்குள் பயம் தெளிந்து, இன்னொருவனின் கைகளைத் தன் கைகளால் தடவிக்கொண்டு, நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்கிறாள். அலான்ஸோ சிரிக்கிறான். சந்தோஷத்தில் சிரிக்கிறான் என்று நினைத்து அவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, எங்கே சிரிப்பு முடிந்தது எங்கே அழுகை தொடங்கியது என்று நமக்கே பிடிபடாமல், அவன் சரிந்து விழும் வரை போகிறது.

காலால் செய்யும் வேலைகளில் பெரும்பகுதியைச் செய்தவர் பால் டெஸ்முக், நிஜமாகவே கைகள் இல்லாதவர். சேனியின் உடலோடு தன் கால்கள் பொருந்துமாறு ஒளிந்து உட்கார்ந்து செய்திருக்கிறார். அந்தப் படத்தின் பெருமையில் பாதி அவருக்கும் சேர வேண்டும். ஆனால் அந்த மேல்பாதியில் இருப்பவர் யார் என்று யோசியுங்கள். அம்மா அப்பாவோடு கையால் மட்டுமே பேசி வளர்ந்த ஒரு மனிதர், தன் கைகளைக் கட்டிக்கொண்டு, கைகளைத் தானே அறுத்துக்கொள்பவனாக நடிக்கிறார். அவருக்கு அது நாக்கை அறுத்துக்கொள்வதற்குச் சமம். இதை அவர் எங்கேயும் பேசியதில்லை, இது என் எண்ணம்தான். ஆனாலும் அந்தச் சிரிப்புக் காட்சியை வேறு எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேமரா முன்னால் நிற்பதற்கும் நடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சேனியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று ஜோன் கிராஃபோர்டு பிற்காலத்தில் சொன்னார்.

எல்லாவற்றையும் பாராட்டிக்கொண்டே போக முடியாது. அவர் பல படங்களில் சீனராக வேஷம் கட்டியிருக்கிறார். 1927இல் 'மிஸ்டர் வூ' படத்தில் சீனத் தாத்தா, பேரன் என்று இரண்டு வேஷம். வயதான முகம் அபாரமான கைவேலை, சந்தேகமில்லை. ஆனால் அதே படத்தில் சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங் இருக்கிறார், துணைப் பாத்திரத்தில். கதாநாயகியான சீனப் பெண்ணாக நடித்தது ரெனே அடோரே என்ற பிரெஞ்சு நடிகை. நிஜமான நடிகையை ஓரத்தில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் கண்ணை இழுத்து ஒட்டிக்கொண்டு நடித்த வழக்கத்தில் சேனிக்கும் பங்கு உண்டு. அவ்வளவு நேசிக்கும் ஒரு நடிகரிடம் இதைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது.

மேக்கப்பே இல்லாமல் அவர் எப்படி இருப்பார் என்று பார்க்க 1926இல் வந்த 'டெல் இட் டு தி மரீன்ஸ்' இருக்கிறது. கரடுமுரடான ராணுவ சார்ஜென்ட். அமெரிக்க மரீன் படை அவருக்குக் கௌரவ உறுப்பினர் பட்டம் கொடுத்தது, அப்படி வாங்கிய முதல் சினிமா நடிகர் அவர்தான். சொந்த வாழ்க்கையில் விருந்துகள், பேட்டிகள் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கியே இருந்தார். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் லான் சேனி என்று ஒருவர் கிடையாது என்று அவர் சொன்னது பிரபலம். 1929 பதிப்பு என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவில் சினிமா மேக்கப் பற்றிய கட்டுரை அவர் பெயரில் இருக்கிறது, நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்! பின்னாளில் ஃபிராங்கென்ஸ்டைன் பூதமாக நடித்துப் புகழ்பெற்ற போரிஸ் கார்லோஃப் பெயர் எடுக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த நாட்களில், சேனி அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், மற்றவர்களால் முடியாத, செய்ய விரும்பாத ஒன்றைக் கண்டுபிடி என்று புத்தி சொன்னதைக் கார்லோஃபே சொல்லியிருக்கிறார்.

பேசும் படம் வந்தபோது சேனி தயங்கினார். கடைசியில், அவர் 1925இல் நடித்த 'தி அன்ஹோலி த்ரீ' படத்தையே 1930இல் பேசும் படமாக மறுபடி எடுத்தார்கள். குரல் மாற்றிப் பேசும் வித்தைக்காரன் வேஷம் என்பதால், கிழவி, பொம்மை, கிளி என்று ஐந்து குரல்களில் பேசினார். எல்லாமே என் குரல்தான் என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், ஸ்டுடியோ அதையும் விளம்பரமாக்கியது. நல்ல குரல், ஆழமான குரல். அது ஒன்றுதான் அவருடைய பேசும் படம். ஜூலையில் படம் வெளிவந்தது, ஆகஸ்ட் 26ஆம் தேதி இறந்துபோனார். மூச்சுக்குழல் புற்றுநோய், தொண்டையில் ரத்தக்கசிவு. வயது 47. கடைசி நாட்களில் பேச முடியாமல் போய், சிறுவயதில் பழகிய சைகையால்தான் சுற்றி இருந்தவர்களோடு பேசினார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

மகன் கிரெய்ட்டன் நடிக்க வருவதை அப்பா விரும்பவில்லை. அவர் போன பிறகுதான் மகன் சினிமாவுக்கு வந்தார். 1930களின் நடுவில் ஸ்டுடியோக்காரர்கள் நெருக்கி 'லான் சேனி ஜூனியர்' என்று பெயரை மாற்றவைத்தார்கள், 1941இல் 'தி உல்ஃப் மேன்' வந்ததும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அப்பா நடித்த 150க்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. பெயர் பெற்ற 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' படத்தின் கடைசிப் பிரதி எம்ஜிஎம் ஸ்டுடியோவின் கிடங்கில் 1960களில் நடந்த தீ விபத்தில் போயிற்று, இப்போது புகைப்படங்கள்தான் மிச்சம். அவருடைய மேக்கப் பெட்டி லாஸ் ஏஞ்சலீஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இருப்பதைப் பார்க்கலாம். 'தி அன்நோன்' ஒரு மணி நேரம் சொச்சம்தான், முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் 1924இல் விக்டர் சியோஸ்ட்ரம் எடுத்த 'ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்டு'. உழைப்பையும் மனைவியையும் ஒருவனிடம் பறிகொடுத்த விஞ்ஞானி, அறை வாங்குவதையே தொழிலாகக் கொண்ட கோமாளியாகிறான். ஃபேண்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதை முதலில் பார்த்தால் மறுபடியும் மேக்கப்பிலேயே மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் யாரோ பிற்பாடு சேர்த்த இசை ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறையாவது அதை அணைத்துவிட்டு, சுத்தமான மௌனத்தில், அவர் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.